தண்டவாளம் கழற்றிய பாதையில் சைக்கிள்

ரயில்வே இன்ஜினியரிங் பாடத்தில் 'ரூலிங் கிரேடியன்ட்' என்று ஒரு வார்த்தை வரும். பரீட்சைக்கு இரண்டு மார்க். எழுதிவிட்டு மறந்துவிடுவோம். அந்த இரண்டு மார்க் சமாசாரத்தை நம்பித்தான் அமெரிக்காவில் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான பேர் மூட்டை முடிச்சோடு மலைநாட்டில் சைக்கிள் டூர் போகிறார்கள். சிவில்காரர்கள் மட்டுமில்லை, மெக்கானிக்கல் நண்பர்களும் இதைப் படிக்கலாம், கணக்கு அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இடம் பென்சில்வேனியா மாநிலத்தின் தென்மேற்கு மூலை. அங்கே ஓஹையோபைல் ஸ்டேட் பார்க் என்று மாநில அரசு பராமரிக்கும் பூங்கா இருக்கிறது. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைக்க வேண்டாம். 20,000 ஏக்கருக்கு மேல் காடும் மலையும், நடுவில் பாறைகளில் மோதிக்கொண்டு ஓடும் யாக்கியகேனி ஆறும்தான் பூங்கா. (பேர் வாயில் நுழையலைன்னா கவலை வேண்டாம், அந்த ஊர்க்காரங்களே 'யாக்' என்றுதான் சுருக்கிக் கூப்பிடுறாங்க.) இந்தப் பூங்காவின் ஊடே கார், லாரி எதுவும் வராத சைக்கிள் பாதை ஒன்று போகிறது. கிரேட் அலெகேனி பாஸேஜ் என்று பேர். கிழக்கே மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்து ஊரில் தொடங்கி மேற்கே பிட்ஸ்பர்க் நகரம் வரை 240 கிலோமீட்டர்.

மலைக்குள் போகும் பாதை, ஆனால் எங்கேயும் மூச்சு முட்டும் ஏற்றம் கிடையாது. காரணம், இது சைக்கிளுக்காகப் போட்ட பாதையே இல்லை. ஓஹையோபைல் வழியாகப் போகும் பகுதி, வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில்வே கம்பெனி 1912-ல் திறந்த லைன். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஓடும்போது உராய்வு ரொம்பக் குறைச்சல். சமதளத்தில் ஒரு டன் சரக்கை இழுக்க இரண்டு மூன்று கிலோ விசை போதும். அதே டன்னை 1.75 சதவீத ஏற்றத்தில் இழுக்க அதற்கு மேல் 17.5 கிலோ கூடுதலாக வேண்டும். அதாவது லேசான ஏற்றத்துக்கே இன்ஜினின் பாரம் பல மடங்கு ஏறிவிடுகிறது. அதனால் ரயில்காரன் ஏற்றத்துக்குப் பயந்தவன். மலையைச் சுற்றுவான், குடைவான், பள்ளத்தை மண் போட்டு மேடாக்குவான், ஏற்றத்தை மட்டும் கூட்ட மாட்டான். நம் நீலகிரி ரயில் 1-க்கு 12 ஏறுகிறதே என்று கேட்கலாம். அங்கே நடுவில் பல்தண்டவாளம் போட்டிருக்கிறார்கள், அது தனிக் கதை.

இப்போது கணக்கு. ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பாதையில் அதிகபட்ச ஏற்றம் 1.75 சதவீதம். பின்னால் இழுக்கும் விசை 1.75 கிலோ. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் அதற்கு 57 வாட், டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் சுமார் 40 வாட், ஆக 100 வாட்டுக்குள். சாதாரண உடம்புள்ள ஆள் மணிக்கணக்கில் கொடுக்கக்கூடிய சக்தி அது. அதே வேகத்தில் 7 சதவீத மலைரோட்டில் ஏறிப் பாருங்கள், 270 வாட் ஆகிவிடும். நம்மால் முடியாது. 100 வாட்தான் இருக்கு என்றால் வேகம் நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிடும். ஒரே மலை, ஒரே கால், வித்தியாசம் முழுக்க சர்வேயர் போட்ட கோட்டில் இருக்கிறது.

அந்தக் கோடு எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு ஓஹையோபைலிலேயே சாட்சி இருக்கிறது. ஆறு அங்கே ஃபெர்ன்கிளிஃப் என்ற தீபகற்பத்தைச் சுற்றி வளைந்து போகிறது. ரயில்காரர்கள் வளைவோடு போகாமல் கழுத்துப் பகுதியில் நேராக வெட்டி ஆற்றை இரண்டு தடவை தாண்டினார்கள். முதல் பாலத்துக்கு லோ பிரிட்ஜ், அடுத்ததுக்கு ஹை பிரிட்ஜ் என்று பேர். பாதை பெரிசாக மேலே ஏறவில்லை. அந்த வளைவுக்குள் ஆறு அருவியாகவும் விசையான நீரோட்டமாகவும் விழுந்து கீழே இறங்கிவிட்டது. லெவலிங் பாடம் புரியாதவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, இவ்வளவு நல்ல லைனை ஏன் மூடினார்கள்? எதிர்க்கரையில் பால்டிமோர் அண்ட் ஒஹையோ கம்பெனியின் லைன் ஏற்கெனவே இருந்தது. போட்டிக்கு அமைத்ததுதான் இது. 1970-களில் இரண்டும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்ததும் ஒன்று உபரி ஆயிற்று. 1975-ல் இதை நிறுத்தினார்கள். எதிர்க்கரையில் இன்றும் சரக்கு ரயில் ஓடுகிறது.

இங்கேதான் விஷயத்தின் கழுத்து. லைன் மூடியதும் என்ன நடக்கும்? பல இடங்களில் ரயில் கம்பெனிக்கு நிலம் சொந்தமில்லை, பாதை உரிமை மட்டும்தான். ரயில் நின்றால் நிலம் பக்கத்து வயல்காரருக்குப் போய்விடும். ஒருவர் வேலி போடுவார், ஒருவர் மேட்டைத் தள்ளிச் சமப்படுத்துவார். நடுவில் ஒரு கிலோமீட்டர் போனாலும் மீதி 239-க்கு டூர் மதிப்பு போச்சு. இதற்காக 1983-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. பிற்காலத்தில் ரயில் திரும்ப வரலாம் என்ற நிபந்தனையோடு, அதுவரை அந்தப் பட்டையைப் பாதையாக வைத்துக்கொள்ளலாம். நில உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1990-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, ஆனால் நஷ்டஈடு கேட்கும் வழியையும் அடைக்கவில்லை. அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஓஹையோபைல் பகுதி அந்தச் சட்டத்துக்கு முன்பே தப்பியது. வெஸ்டர்ன் பென்சில்வேனியா கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 1978-ல் வாங்கி வைத்தது. 1986-ல் பூங்காவில் சுமார் 9 மைல் சைக்கிளுக்குத் திறந்தார்கள். அந்த 9 மைலில் தொடங்கி பிட்ஸ்பர்க் நகர மையத்தைத் தொட 2013 ஆகிவிட்டது. 27 வருஷம்! துண்டு துண்டாகத்தான் சேர்த்தார்கள். மேற்குப் பக்கத்துக்கு வேறு கம்பெனியின் லைன், கிழக்கே 582 மீட்டர் நீளமுள்ள சாலிஸ்பரி வயடக்ட், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமான பிக் சாவேஜ் சுரங்கம். சுரங்கத்துக்குள் கசியும் தண்ணீர் உறைந்து சுவரைப் பிளக்கும் என்பதால் குளிர்காலத்தில் கதவு போட்டு மூடிவிடுவார்கள். டிசம்பரில் கிளம்புகிறவர் ஏமாந்து போவார்.

மேற்பரப்பு பெரும்பாலும் பொடித்த சுண்ணாம்புக்கல். நனைந்து இறுகினால் கிட்டத்தட்ட தார் ரோடு மாதிரி ஆகிவிடும். ரொம்ப ஒல்லி டயர் மட்டும் வேண்டாம். ஊர்களுக்குப் பக்கத்தில் ரோடு குறுக்கிடும், அங்கே இறங்கிப் பார்த்துத்தான் தாண்ட வேண்டும். முதல் தடவை போகிறவர்களுக்கு ஓஹையோபைலிலிருந்து கன்ஃப்ளூயன்ஸ் ஊர் வரை 17 கிலோமீட்டர் ஒரு காலைப்பொழுதுக்குப் போதும், திரும்பி வரும்போது ஆற்றோடு சேர்ந்து லேசான இறக்கம். ஆனால் பூங்காவின் கென்டக் முகாமில் கூடாரம் போட நினைத்தால் பாதையை விட்டு மேலே ஏற வேண்டும். அந்த இடத்தில் ரயில் சர்வேயர் உதவிக்கு வர மாட்டார், தள்ளிக்கொண்டுதான் போகணும்.

முழு 240-ஐயும் ஓட்டுகிறவர்கள் எந்தப் பக்கம் தொடங்குவது என்று வாதம் பண்ணிக்கொள்வார்கள். கம்பர்லாந்து கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 185 மீட்டர், நீர்பிரி முகடு 729 மீட்டர். 38 கிலோமீட்டரில் அந்த 544 மீட்டரையும் ஏறி முடித்துவிட்டால், மீதி 202 கிலோமீட்டரும் பிட்ஸ்பர்க் வரை பொதுவாக இறக்கம்தான். அந்தப் பக்கமிருந்து வந்தால் சராசரி ஏற்றம் கால் சதவீதம், ஏறுகிறோம் என்றே தெரியாது, கடைசி 38 கிலோமீட்டர் பெடலைத் தொடாமலே உருண்டு வரலாம். நானாக இருந்தால் பிட்ஸ்பர்க்கில் தொடங்குவேன்.