நான்கு பைட் டிராகன்

என் இணையதளத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் டிராகனைத் தேடி வருவதில்லை. பிரிண்டர் காகிதத்தை இழுக்கவில்லை, தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, கம்ப்யூட்டரை ஆன் செய்தால் பீப் அடித்துவிட்டு அப்படியே நிற்கிறது என்று கூகுளில் தட்டி வந்து சேர்கிறார்கள். தீர்வைப் படித்துவிட்டுக் கிளம்பும்போது ஓரத்தில் வேல்ஸ் கொடியின் சிவப்பு டிராகன் கண்ணில் படும். சிலர் அதைச் சொடுக்குவார்கள். அந்தச் சிலருக்காகத்தான் தளமே.

“டிராகனுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ஒண்ணுன்னு பிரிச்சிடேன், விளம்பரமாவது கிடைக்கும்” என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பிரிக்கும் எண்ணம் எனக்கில்லை. பெயர் வைப்பதற்கு முன் கால்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதுதான் இரண்டுக்குமே அடிப்படை.

உண்மையாகவே கால்கள்தான். பிரிட்டனின் குலச்சின்ன மரபில் இரண்டு இறக்கையும் நான்கு காலும் இருந்தால் டிராகன். இரண்டே கால் என்றால் அது வைவர்ன். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் உச்செல்லோவின் புனித ஜார்ஜ் ஓவியத்தில் அந்தப் பிராணிக்கு இரண்டே கால். பிரிட்டிஷ் கணக்குப்படி அது டிராகனே இல்லை. ஆனால் உச்செல்லோ இத்தாலிக்காரர், அவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சீனாவில் கால்களை விட்டுவிட்டு நகங்களை எண்ண வேண்டும்: ஐந்து நகம் பேரரசருக்குரியது. நம் கோயில் தூண்களில் நிற்கும் யாளியையும் டிராகன் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அடிக்கடி மின்னஞ்சல் வரும். சேர்க்க மாட்டேன். சிங்க உடலும் சில இடங்களில் துதிக்கையுமாக நிற்கிற யாளிக்கு இரவல் பெயர் எதற்கு?

இந்தப் பழக்கத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருநாள், “தம்பி, நெட் போயிடுச்சு. ரவுட்டர் மாத்தணுமாம்” என்றார். அவருடைய போனில் அதே வைஃபையில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பழைய மேசைக் கணினியில் மட்டும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்று எச்சரிக்கை. அதாவது நெட் இருக்கிறது, சான்றிதழ் சரிபார்ப்பில்தான் சிக்கல். திரையின் மூலையில் தேதியைப் பார்த்தேன். பல வருடம் பின்னால் இருந்தது. ஒவ்வொரு தளத்தின் சான்றிதழும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்ற குறிப்போடுதான் வருகிறது. கணினி பழைய காலத்தில் நின்றுகொண்டிருந்தால் அதன் கண்ணுக்கு எல்லாச் சான்றிதழும் இன்னும் தொடங்காதவை. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்துபோனதுதான் காரணம். மின்சாரத்தை அணைத்ததும் கடிகாரம் நின்றுவிடும். தேதியை விண்டோஸ் தானாகவே இணையத்திலிருந்து சரிசெய்துகொள்ளும் என்று நம்பிவிடாதீர்கள். வித்தியாசம் மிக அதிகமானால் அது கையை வைக்காமல் விட்டுவிடுவதுண்டு. புதுப் பேட்டரி போட்டுத் தேதியைச் சரிசெய்தோம். “இதுக்கா புது ரவுட்டர்?” என்று அண்ணனுக்குச் சிரிப்பு.

என் தளத்திலேயே வந்த சிக்கல்களில் எனக்கு மிகப் பிடித்ததில் டிராகனே மாட்டிக்கொண்டது. 2010இல் வெளியான யூனிகோட் 6.0 தொகுப்பில் டிராகனுக்கு எமோஜி உண்டு. முழு உருவம் ஒன்று, முகம் மட்டும் ஒன்று. சீனப் புத்தாண்டு பற்றிய கட்டுரையின் நடுவில் முழு உருவத்தை வைத்துச் சேமித்தேன். கட்டுரை எமோஜிக்கு முந்தைய சொல்லோடு நின்றுவிட்டது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. தமிழ் சரியாக இருக்கிறது, சீன எழுத்தும் சரியாக இருக்கிறது, டிராகன் வந்த இடத்திலிருந்து கடைசி வரை எதுவுமே இல்லை!

விஷயம் இதுதான். யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், வழக்கமான சீன எழுத்துக்கும் மூன்று. எமோஜி டிராகனுக்கு நான்கு. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ‘யூடிஎஃப்8’ என்ற பெயரில் நெடுநாள் இருந்த அமைப்பு ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் மூன்று பைட்தான் தரும். நான்காவது பைட் வந்ததும், கண்டிப்பு முறை இயக்கப்படாத பழைய பதிப்புகள், அங்கிருந்து மீதியை வெட்டிவிட்டு ஓர் எச்சரிக்கையை மட்டும் உள்ளே குறித்துக்கொள்ளும். அதை நாமாகக் கேட்டால்தான் காட்டும். மூன்று பேர் உட்காரும் பெஞ்சுக்கு நான்காவது ஆள் வந்ததால் பின்னால் நின்ற வரிசையையே வீட்டுக்கு அனுப்பிய கதை.

தீர்வு ‘யூடிஎஃப்8எம்பி4’ என்ற அமைப்புக்கு அட்டவணைகளை மாற்றுவது. அட்டவணையை மட்டும் மாற்றினால் போதாது, நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலுள்ள இணைப்பையும் அதே அமைப்புக்கு மாற்ற வேண்டும். பழைய பதிப்பில் இன்னொரு முட்டுக்கட்டை வரும்: ஓர் இண்டெக்ஸுக்கு 767 பைட்தான் எல்லை. 255 எழுத்தை மூன்றால் பெருக்கினால் 765, உள்ளே அடங்கிவிடும். நான்கால் பெருக்கினால் 1020. அதனால்தான் பல மென்பொருள்களில், நான்கால் பெருக்கினாலும் எல்லைக்குள் அடங்குகிற 191 என்ற விசித்திரமான எண்ணைப் பார்க்கிறோம். மாற்றும் முன் முழுப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுப்பட்டுப்போன வரிகள் எந்த மாற்றத்தாலும் திரும்பி வராது. கட்டுரையைச் சொந்தக் கணினியில் ஒரு கோப்பாக எழுதி, பிறகு தளத்தில் ஒட்டுகிற வழக்கம் இருந்ததால் என் சீன டிராகன் பிழைத்தது.

சிறு தளம் நடத்துகிறவருக்குத் தரவுத்தளம் வேண்டுமா என்பதே கேள்வி. இப்போது என் பக்கங்கள் எல்லாம் சாதாரண எச்டிஎம்எல் கோப்புகள். 2009இல் ஜியோசிட்டிஸ் என்ற இலவச இணையதளச் சேவை மூடப்பட்டபோது எத்தனையோ பேரின் பொழுதுபோக்குப் பக்கங்கள் அதோடு போயின. கோப்புகளைத் தங்களிடமும் வைத்திருந்தவர்கள் மறுவாரமே வேறு இடத்தில் ஏற்றியிருக்க முடியும். கோப்புப் பெயர்களில் ஆங்கிலச் சிறிய எழுத்தை மட்டும் பயன்படுத்துங்கள். விண்டோஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகப் பார்க்கும், லினக்ஸ் சர்வர் பார்க்காது. வீட்டில் தெரிந்த படம் தளத்தில் காணாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

ஒவ்வொரு பக்கத்திலும் எழுதிய தேதியையும் திருத்திய தேதியையும் போடுகிறேன். விண்டோஸ் எக்ஸ்பிக்கு எழுதிய தீர்வை விண்டோஸ் 11இல் செய்துபார்த்துவிட்டு யாரும் திட்டக் கூடாது. டிராகன் பக்கத்துக்கும் இதே தேவை உண்டு. 1912இல் ஓவன்ஸ் என்ற ஆய்வாளர் அறிவியல் உலகுக்கு விவரித்த கொமோடோ டிராகன், வாயிலுள்ள கிருமிகளால்தான் இரையைக் கொல்கிறது என்று பல காலம் எழுதினார்கள். 2009இல் அதன் கீழ்த்தாடையில் நச்சுச் சுரப்பிகள் இருப்பதை ஆய்வாளர்கள் காட்டினார்கள். கிருமிக் கதை இன்றும் இணையத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் தேதியில்லாமல் உலவுகிறது.

அடுத்த பக்கம் ராகு, கேது. நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் அந்த இரு புள்ளிகளை ஐரோப்பிய வானியலாளர்கள் டிராகனின் தலை, டிராகனின் வால் என்றார்கள். நிலவு ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி மறுபடி அங்கே வர ஆகும் சுமார் 27.2 நாளுக்கு இன்றும் டிராகன் மாதம் என்றே பெயர். இதற்காகக் கிரகண நேரங்களைக் காட்டும் சின்ன நிரல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நேரங்களையெல்லாம் உலகப் பொது நேரத்தில் சேமித்துவிட்டு, திரையில் காட்டும்போது மட்டும் இந்திய நேரத்துக்காக ஐந்தரை மணியைக் கூட்டப் போகிறேன்.