பனிப்போரும் பள்ளிக்கூடத்து உப்புமாவும்

பத்தாம் வகுப்பில் ‘இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய உலகம்’ பாடத்தை நடத்தும்போது ஆயுதப் போட்டி நமக்குச் சிரமம் தருவதில்லை. அதிலும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அணுகுண்டு என்பது வீட்டில் புழங்கும் சொல். பட்டாசுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் போதும். 1945-இன் ஹிரோஷிமாவும் 1949-இன் சோவியத் சோதனையும் தாமாகவே வகுப்புக்குள் வந்துவிடும்.

சிரமம் அடுத்த பகுதியில்தான். பொதுவுடைமை பரவாமல் தடுக்கும் அமெரிக்கக் கொள்கை என்று வரும்போது பிள்ளைகள் ட்ரூமன், மார்ஷல், நேட்டோ, சீட்டோ என்று பெயர்களை ஒப்பிக்கிறார்கள். 1947-இல் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் என்பதையும் சரியாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் பணமும் கோதுமையும் கொடுத்தால் ஒரு கொள்கை பரவுவது எப்படி நிற்கும் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்தக் கேள்விக்கு ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. நம் பள்ளிச் சத்துணவுக் கூடத்தின் பழைய கதையிலேயே விடை இருக்கிறது.

அமெரிக்காவின் கணக்கு எளிமையானது. பசித்தவன் புரட்சியின் பக்கம் போவான். பசி தீர்ந்தால் போகமாட்டான். மார்ஷல் திட்டத்தின் அடிப்படையும் இதுதான். சீனா 1949-இல் பொதுவுடைமை நாடானதும் இந்தக் கணக்கு ஆசியாவுக்கும் வந்தது. 1951-இல் உணவுப் பஞ்சத்தில் இருந்த இந்தியாவுக்குக் கோதுமை வாங்க 19 கோடி டாலர் கடன் கொடுக்க அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. அதற்கு முன் நேருவின் வெளியுறவுக் கொள்கையைப் பற்றி அங்கே நீண்ட விவாதம் நடந்தது. 1954-இல் பொதுச்சட்டம் 480 வந்தது. பி.எல். 480 என்றால் பெரியவர்களுக்கு இன்றும் தெரியும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ரேஷன் கடைக்கு வந்த அமெரிக்கக் கோதுமை இலவசம் அல்ல. இந்தியா ரூபாயில் விலை கொடுத்தது. அந்த ரூபாய் அமெரிக்கக் கணக்கில் இந்தியாவிலேயே குவிந்து, செலவழிக்க வழியில்லாமல் போனது. 1974-இல் அமெரிக்கத் தூதர் அதில் பெரும்பகுதியை 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலையாக இந்தியாவிடம் திருப்பித் தந்தார். (இந்தச் செய்தியைச் சொன்னால் கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.) பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்ததோ நன்கொடை. 1961-இல் ‘கேர்’ என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் மூலம் பால்பவுடர், எண்ணெய், தானியம் ஆகியவை சென்னை மாநிலத்தின் மதிய உணவுத் திட்டத்துக்கு வரத் தொடங்கின. அப்போது படித்தவர்களுக்கு இன்று அறுபது வயதைத் தாண்டியிருக்கும். கோதுமை உப்புமாவின் மணத்தையும் பால்பவுடரைக் கரைத்துக் குடித்ததையும் அவர்களிடம் கேட்கலாம்.

நாம் கவனமாக இருக்க வேண்டிய இடமும் இதுதான். மதிய உணவை அமெரிக்கா கொண்டுவந்தது என்று ஒரு பிள்ளை எழுதிவிடக் கூடாது. விருதுநகரில் பிறந்து, படிப்பைப் பாதியில் விட்டுக் கடைக்குப் போன காமராஜர், முதலமைச்சராக இருந்து 1956-இல் தொடங்கிய திட்டம் அது. ஊர்மக்களின் அரிசியும் பருப்பும் காசும்தான் முதல் முதலீடு. அமெரிக்க உதவி வருவதற்கு ஐந்தாண்டு முன்பே அடுப்பு எரியத் தொடங்கிவிட்டது. தீப்பெட்டிக் கட்டை ஒட்டப் போகும் பிள்ளையைப் பள்ளிக்கு இழுக்க ஒரு வேளைச் சோறு வேண்டும் என்பது இந்த வட்டாரத்துக்காரருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்துக் கரும்பலகையில் தமிழ்நாட்டு வரைபடம் ஒன்றை வரையலாம். நெய்வேலியைக் குறிக்கலாம்: அனல்மின் நிலையம், சோவியத் உதவி. திருச்சி: கொதிகலன் தொழிற்சாலை, செக்கோஸ்லோவாக்கியா உதவி. சென்னை கிண்டி: 1959-இல் தொடங்கிய ஐ.ஐ.டி., மேற்கு ஜெர்மனி உதவி. பள்ளிகள்தோறும் ஒரு புள்ளி: அமெரிக்கப் பால்பவுடர். இப்போது கேளுங்கள், நம் மாநிலம் எந்த அணி? பிள்ளைகள் சண்டை போடட்டும். அணிசேராமை என்ற சொல்லுக்கு வரையறை சொல்வதைவிட இந்தப் படம் அதிகம் விளக்கும் என்பது என் எண்ணம்.

ஆனால் இரு பக்கமும் வாங்கிக்கொண்டு சுகமாக இருந்தோம் என்று முடித்துவிடவும் முடியாது. 1965, 66 வறட்சியில் அதிபர் ஜான்சன் கோதுமைக் கப்பல்களை மொத்தமாக அனுப்பாமல், சிறிது சிறிதாக அனுமதித்தார். வியட்நாம் போரை இந்தியா விமர்சித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. இந்தியா தன் வேளாண் கொள்கையை மாற்ற வேண்டும் என்ற நெருக்கடியும் கூடவே இருந்தது. 1966 ஜூன் 6-ஆம் தேதி ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 காசானது. அமெரிக்காவும் உலக வங்கியும் வற்புறுத்திய முடிவு அது. அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு அவர் சோவியத் ஒன்றியத்துக்கும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்கும் பயணம் போனார். அமெரிக்கப் பால்பவுடரைத் தன் மாநிலப் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொண்டவரும் அவரேதான்.

வகுப்பில் இரண்டு விடைகள் எளிதாக வரும். ஒன்று, அமெரிக்கா அன்பால் கொடுத்தது. மற்றது, எல்லாமே சூழ்ச்சி. இரண்டையும் பலகையில் எழுதிவிட்டு, அமெரிக்க விவசாயிகளிடம் விற்காமல் தேங்கிக் கிடந்த கோதுமையைப் பற்றிச் சொல்லுங்கள். தேங்கிய தானியத்துக்குச் சந்தை, சோவியத்துக்குப் போட்டி, பசித்த குழந்தைமீது உண்மையான இரக்கம் ஆகிய மூன்றும் ஒரே மூட்டைக்குள் இருந்திருக்கலாமே என்று ஒரு மாணவியாவது கேட்பாள். அவளைப் பேசவிடுங்கள்.

இதற்கு இரண்டு பாடவேளை போதும். தாத்தா பாட்டியிடம் பள்ளியில் என்ன சாப்பிட்டீர்கள், அது எங்கிருந்து வந்ததாகச் சொன்னார்கள், மூட்டையிலோ டின்னிலோ என்ன எழுதியிருந்தது என்று கேட்டுவரும் வேலையை வெள்ளிக்கிழமை கொடுத்துவிடலாம். பட்டாசு ஆலை வண்டி விடியற்காலையில் வந்துவிடும் ஊர்களில் ஞாயிறன்றுதான் வீட்டில் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். பள்ளிக்கே போகாத தாத்தா பாட்டியும் இருப்பார்கள். ஏன் போகவில்லை என்பதையும் எழுதிவரச் சொல்லுங்கள்.