வேப்பூர் ஹெரால்டுக்காரருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா விட்டுப்போன ஸ்டாண்டர்டு ஹெரால்டை மத்தியானத்தில் வேப்பூர் கூட்டுரோட்டில் டீ குடிக்க நிறுத்தினால், திரும்பக் கிளம்ப அரைமணி ஆகிறது. பழைய பெட்ரோல் பம்பைக் கழற்றிப்போட்டு எலக்ட்ரிக் பம்ப் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். 1961 முதல் அந்த வண்டி தயாரானது வண்டலூரில், உங்கள் ஊர் வழியே போகும் இதே திருச்சி ரோட்டில்தான். நம் வெயில் அந்தப் பம்புக்குப் புதிதல்ல.

மெக்கானிக்குகள் அதை 'ஏசி பம்ப்' என்பார்கள். குளிர்சாதன ஏசி அல்ல, ஆல்பர்ட் சாம்பியன் என்பவர் பெயரின் முதலெழுத்துகள். கேம்ஷாஃப்ட் சுற்றச் சுற்ற ஒரு கை டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வை இழுக்கும், ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும், பெட்ரோல் கார்புரேட்டருக்கு ஏறும். ஓடும்போது காற்று பட்டுத் தப்பிக்கும் பம்ப், வண்டி நின்றதும் என்ஜின் சூட்டில் மாட்டிக்கொள்கிறது. உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் இழுக்க ஒன்றும் கிடைக்காது. ஈரத்துணி சுற்றுவது வழிக்கு உதவும், நோய்க்கு உதவாது.

முதலில் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் பட்டறைகள் உள்ள பக்கத்துக்காரர் நீங்கள்; களிமண் கரைசல் அடியில் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படித்தான் டேங்க் துரு இதிலும் படிந்திருக்கும். வலையைக் கழுவி, காய்ந்துபோன கார்க் வாஷரை மாற்றுங்கள். வாஷர் வழியே காற்று புகுந்தால் எந்தப் பம்பும் பெட்ரோல் இழுக்காது. கிண்ணத்தை விரலால் இறுக்கினால் போதும், ஸ்பேனர் வைத்தால் விரிசல் விடும். பம்பின் பக்கத்திலுள்ள நெம்புகோலைக் கையால் அடிக்கும்போது அது தொளதொளவென்று இருந்தால் பயப்பட வேண்டாம். கேம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, என்ஜினை ஒரு சுற்று திருப்பினால் சரியாகும்.

உண்மையான கவலை டயாஃப்ரம்தான். இன்று பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பரை அது ஊறவைத்துக் கெடுக்கும். எத்தனால் தாங்கும் டயாஃப்ரம் என்று கேட்டு வாங்குங்கள், ரப்பர் குழாய்களையும் அதோடு மாற்றிவிடுங்கள். பம்பின் உடல் அசலாகவே இருக்கட்டும். உங்கள் வண்டிக்கு நான் சொல்லும் 'அப்கிரேடு' இதுதான்.

அதற்குப் பிறகும் சூட்டில் நின்றால் மட்டும் எலக்ட்ரிக் பம்பை யோசிக்கலாம். கார்புரேட்டருக்கு 2, 3 பவுண்டு அழுத்தம் போதும். இன்ஜெக்‌ஷன் வண்டிப் பம்பை மாட்டினால் கார்புரேட்டரின் ஊசி வால்வு தாங்காது. சூடான என்ஜின்மேல் பெட்ரோல் வழியும், தீப்பிடிக்கும். வண்டி மோதினால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாமல் அதைப் பொருத்தவே கூடாது.

நாளைக் காலை வண்டியைக் கிளப்பும் முன் ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்து ஆயிலை மாற்றும்வரை தயவுசெய்து வண்டியை எடுக்காதீர்கள்.

அன்புடன்.