இதயத்தின் நீர்மட்டம்

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் வாழ்வோர்க்கு வீராணம் ஏரியின் நீர்மட்டம் நன்கு பழகிய செய்தி. ஏரி நிரம்பியதற்கு அடையாளம் 47.5 அடி என்பர். இஃது ஏரியின் ஆழமன்று. கடல் மட்டத்தினின்றும் எடுத்த கணக்காம். தொடக்கம் எதுவென்று அறியாதார் அவ்வெண்ணைக் கேட்டு மயங்குவர். மனித உடலிலும் இத்தகைய அளவொன்று உண்டு. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

உடலெங்கும் ஓடிய இரத்தம் சிரைகளின் வழியே மீண்டு, இதயத்தின் வலது மேலறையை அடைகின்றது. அவ்வாயிலில் உள்ள அழுத்தமே மைய சிரை அழுத்தம் எனப்படும். கழுத்திலோ, காறையெலும்பின் கீழோ உள்ள பெருஞ்சிரை வழியே மெல்லிய குழல் ஒன்றைச் செலுத்தி இதனை அளப்பர். 1929-ஆம் ஆண்டில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்னும் ஜெர்மானிய மருத்துவர், தம் கைச்சிரை வழியே குழலொன்றைத் தம் இதயம்வரை செலுத்தி, எக்ஸ்-கதிர்ப் படத்தால் அதனை மெய்ப்பித்தார். 1956-இல் அவர் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

அண்ணாமலைநகரிற் பயிலினும் வேறெங்குப் பயிலினும், மருத்துவ மாணவர் இதில் முதற்கண் கற்க வேண்டுவது பூச்சியக் குறியை வைக்கும் இடமே. மல்லாந்து கிடப்பவரின் நான்காம் விலா இடைவெளியும், அக்குளின் நடுவினின்று இறங்கும் கோடும் சந்திக்குமிடமே அது. வலது மேலறையின் மட்டம் அதுவேயாம். இயல்பான அழுத்தம் ஏறத்தாழ 5 முதல் 10 சென்டிமீட்டர் நீரளவு. பூச்சியக் குறி 10 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடின், அளவு 10 மிகுத்துக் காட்டும். நீரின்றி வாடும் உடல் நிரம்பியதாகத் தோன்றும். வேண்டிய திரவம் மறுக்கப்படும். குறி உயர்ந்துவிடினோ, வேண்டாத திரவம் பாய்ந்து நுரையீரலை நனைக்கும். இரண்டும் உயிர்க்கு இடரே.

குறி சரியாயினும் ஓரளவு மட்டும் போதாது. ஏரி 44 அடி என்றால், அது நிரம்பி வருகின்றதோ வற்றி வருகின்றதோ என்பது விளங்காதன்றோ? தளர்ந்த இதயமும் மிகுந்த அழுத்தத்தைக் காட்டும். ஆதலின், மணிதோறும் அளவு ஏறுவதும் இறங்குவதும் நோக்கி, நாடித்துடிப்பு, சிறுநீரின் அளவு ஆகியவற்றோடு ஒப்பிட்டே மருத்துவர் முடிவு செய்வர்.

உதவும் இக்குழலே நோய்க்கிருமி நுழையும் வழியுமாகலாம். கைகளைச் செவ்வனே கழுவுதலும், தேவை தீர்ந்தவுடன் குழலை எடுத்துவிடுதலும் இவ்விடரைக் குறைக்கும்.

கருவி சொல்வது எண்ணை மட்டுமே. அதன் பொருளை அறிபவன் மனிதன். எவ்வெண்ணையும் நம்புமுன் அதன் தொடக்கம் யாதென வினவுதல், மருத்துவர்க்கு மட்டுமன்றிக் கல்வி பயிலும் நம் அனைவர்க்கும் ஏற்ற பாடமாம்.