டி டிரைவில் ஃபோல்டரைக் காணவில்லையா, தம்பி?

கோணேசபுரி கெம்பஸில் படிக்கும் உன்னைப் போன்ற பிள்ளைகளின் லப்டொப்பில் விண்டோஸும் இருக்கும், உபுண்டுவும் இருக்கும். ப்ரொஜெக்ட் எல்லாம் இரண்டுக்கும் பொதுவான டி டிரைவில். இரவு உபுண்டுவில் சேமித்த ஃபோல்டர் விடிய விண்டோஸில் இல்லை என்றால், வைரஸ் என்று பயந்து ஃபோர்மட் அடிக்கக் கொடுத்துவிடாதே. முதல் வேலை, அந்த டிரைவில் புதிதாக எதையும் எழுதாமல் இருப்பது.

பெரும்பாலும் காரணம் 2012இல் விண்டோஸ் 8உடன் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக நிற்பதில்லை. டிரைவில் என்ன இருந்தது என்ற கணக்கோடு அரைத் தூக்கத்தில் கிடக்கும். இடையில் நீ உபுண்டுவில் எழுதியது அதற்குத் தெரியாது. எழும்பியதும் பழைய கணக்கையே நம்பும், சில வேளை அதையே டிஸ்க்கில் எழுதியும்விடும். கரண்ட் நின்று பட்டரி இறங்கி லப்டொப் ஹைபர்னேட் ஆனாலும் இதே கதைதான். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நம் இலங்கையில் இதை மறக்கக் கூடாது.

அதனால்தான் உபுண்டு சில நேரம் டி டிரைவைத் திறக்க மறுக்கும், அல்லது வாசிக்க மட்டும் விடும். அது உன் ஃபைலைக் காப்பாற்றுகிறது. இணையத்தில் கண்ட கட்டளையைப் போட்டு வற்புறுத்தித் திறக்காதே, தம்பி.

விண்டோஸில் ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுத்து உபுண்டுவுக்குப் போய்ப் பார். ரீஸ்டார்ட்டில் இந்த அரைத் தூக்கம் கிடையாது. ஃபோல்டர் அங்கே இருந்தால் உடனே பென் டிரைவில் ஒரு பிரதி எடு. பிறகு பெயரைக் கவனி: முக்காற்புள்ளியோ கேள்விக்குறியோ உள்ள பெயரை உபுண்டு சில வேளை ஏற்கும், ஆனால் விண்டோஸால் திறக்க முடியாது. பெயரை மாற்றினால் சரி. புள்ளியில் தொடங்கும் பெயர் உபுண்டுவில் மறைந்திருக்கும். கண்ட்ரோலும் எச்சும் அழுத்தினால் தெரியும்.

இரண்டிலும் இல்லையா? விண்டோஸ் டிஸ்க்கைச் சரிபார்த்திருந்தால், 'ஃபவுண்ட்' என்று தொடங்கும் மறைந்த ஃபோல்டருக்குள் பெயர் மாறிக் கிடக்கலாம். அங்கும் இல்லாவிட்டால் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மீட்பதை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும்.

இனி வராமலிருக்க, கண்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸுக்குப் போய், பவர் பட்டன் பகுதியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடு. பெரிய அப்டேட்டுக்குப் பிறகு சில நேரம் அது திரும்ப விழும். அப்போது இன்னொரு தரம் பார்.