வேகத்திற்கு ஓர் எல்லை – ஏன்?

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

விரைவு இக்கால வாழ்வின் உயிர்நாடி என்பர். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்திற்குத் தலைச்சுமையோடு நடந்தே இறங்கிய கதையை என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று அதே மலைப்பாதையில் பஸ் ஓடுகிறது, ஜீப் ஓடுகிறது, மோட்டார் சைக்கிள் பறக்கிறது. வண்டி வந்ததால்தான் நானும் கல்லூரிக்கு வந்தேன். ஆகவே வேகத்தைப் பழித்துரைப்பது என் எண்ணமன்று. ஆயினும், அவரவர் விருப்பம்போல் வாழ உரிமையுள்ள மக்களாட்சி நாட்டில், ‘இதற்கு மேல் விரைந்து செல்லாதே’ என்று சட்டம் சொல்வது முறைதானா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு கண்கள், இரு வேகங்கள்

சென்ற மழைக்காலத்தில், பள்ளி விட்டு நடந்து வந்த என் தங்கையை மலைப்பாதை வளைவில் ஒரு வேன் இடித்துத் தள்ளியது. கை எலும்பு முறிந்ததோடு பிழைத்தாள். “ரொம்ப வேகமா வந்துச்சு அண்ணா” என்றாள் அவள். “மெதுவாத்தான் தம்பி வந்தேன்” என்றார் ஓட்டுநர். இருவரில் எவரும் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. வண்டிக்குள் இருப்பவருக்கு மெதுவாகத் தெரிவது, ஓரத்தில் நடப்பவருக்கு வேகமாகத் தெரிகிறது.

அவளைக் குறை கூறவும் இயலவில்லை. அவரை முற்றிலும் வெறுக்கவும் இயலவில்லை. ஏனெனில், அதே வாரத்தில் பஸ்ஸைத் தவறவிட்டு ஒரு பிக்கப் வண்டியில் ஏறி, “கொஞ்சம் வேகமா போங்கண்ணா, காலேஜுக்கு நேரமாச்சு” என்று சொன்னவன் நான்தான்.

இயற்பியல் கூறுவது

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல், வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் அமையும் என்று வகுப்பில் படித்தோம். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. பிரேக் அந்த நான்கு மடங்கு ஆற்றலையும் தணித்தாக வேண்டும்.

ஒரு சிறு கணக்கு. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு 1 வினாடி ஆகிறது எனக் கொள்வோம். உலர்ந்த சமதளச் சாலையில் பிரேக் தரும் எதிர்முடுக்கத்தை வினாடிக்கு வினாடி 7 மீட்டர் எனக் கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த 1 வினாடியில் 11 மீட்டரும், பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ 9 மீட்டரும் சென்று, 20 மீட்டரில் நின்றுவிடும். 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்க ஏறத்தாழ 57 மீட்டர் வேண்டும். அது மட்டுமன்று. பிரேக்கை மிதிக்கும் முன்பே அது 22 மீட்டர் கடந்திருக்கும். அதாவது, முதல் கார் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் இன்னும் பிரேக்கே பிடிக்கவில்லை! 20 மீட்டர் தொலைவில் ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ன ஆகும்? மழை நனைத்த இறக்கத்தில் இத்தொலைவுகள் மேலும் நீளும்.

இவ்வேகத்தால் கிடைக்கும் ஆதாயம்தான் என்ன? 10 கி.மீ. தூரத்தை 40 கி.மீ. வேகத்தில் 15 நிமிடத்தில் கடக்கலாம், 60 கி.மீ. வேகத்தில் 10 நிமிடம். ஆதாயம் 5 நிமிடம். 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. இவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 71 பேரின் இறப்புக்கு மிகு வேகமே காரணமாகக் காட்டப்பட்டுள்ளது.

சட்டம் கூறுவது

நம் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு, நாடெங்கும் தடையின்றிச் செல்லும் உரிமையைக் குடிமக்களுக்கு அளிக்கிறது. பொதுநலன் கருதி அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் அதே பிரிவு கூறுகிறது. காரில் போகிறவருக்கு உள்ள அதே உரிமை, விறகுச் சுமையோடு நடப்பவருக்கும் உண்டன்றோ?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைப் புரட்டியபோது மூன்று செய்திகள் என்னைக் கவர்ந்தன. முதலாவது, ஒரு சாலையின் தன்மை கருதித் தனி எல்லை விதிக்கும் மாநில அரசு, அதை அரசிதழில் வெளியிட்டால் மட்டும் போதாது. உரிய இடத்தில் பலகையும் நட வேண்டும் என்கிறது 112-ஆம் பிரிவு. இரண்டாவது, ‘வேகமாக வந்ததாகத் தோன்றியது’ என்னும் ஒரே சாட்சியின் கருத்தை மட்டும் வைத்து வேக மீறலுக்காக எவரையும் தண்டிக்கலாகாது; அக்கருத்து கருவியால் அளந்ததாக இருக்க வேண்டும் என்கிறது 183-ஆம் பிரிவு. மூன்றாவது, எல்லையை மீறாமல் சென்று சேரவே முடியாதபடி நேர அட்டவணை வகுத்தவர் மீதும் குற்றம் சாரும் என்கிறது அதே பிரிவு. ஓட்டுநரை விரட்டும் முதலாளியையும் சட்டம் மறக்கவில்லை.

எல்லையும் மாறும்

பிரிட்டனில் 1865-ஆம் ஆண்டுச் சட்டம், தானே ஓடும் வண்டிகளுக்கு நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் என்று எல்லை வகுத்தது. முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியுடன் நடக்கவும் வேண்டும்! இக்கட்டுப்பாடுகள் பின்னர் தளர்ந்தன. 1930-இல் கார்களுக்கான எல்லையையே நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. ஆனால் சாவுகளைக் கண்டு, ஊர்ப்பகுதிகளில் 30 மைல் என்ற எல்லையை 1935 முதல் மீண்டும் நடைமுறைப்படுத்தியது. ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் பல பகுதிகளுக்கு எல்லை இல்லை என்பர் சிலர். உண்மையே, ஆனால் நடப்பவர்கள் உள்ள ஊருக்குள் அங்கும் பொதுவாக 50 கி.மீ. தான்.

நம் நாட்டிலும், விரைவுச் சாலைகளில் கார்களுக்கு 120 கி.மீ. வரை அனுமதித்து 2018-இல் மத்திய அரசு அறிவிப்பு வெளியிட்டது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வறிவிப்பை ரத்து செய்தது. எது சரியான எண் என்பதில் கருத்து வேறுபடலாம். அரசு விதித்த எண்ணையும் கேள்வி கேட்க முடிகிறது என்பதே இங்கு நாம் காண வேண்டியது.

எங்கள் கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. அன்று அவர்கள் சொன்னதே சட்டம். ஏன் என்று கேட்க முடியாது என்பார்கள் பெரியவர்கள். பலகையில் எழுதிய எண் அத்தகையதன்று. அது எல்லோருக்கும் தெரியும்படி நிற்கிறது. ஓட்டுபவர் யார் என்று கேட்பதில்லை. தவறானால் மாற்றவும் இடம் தருகிறது.

முடிவுரை

வண்டியில் ஏறினால் வேகம் வேண்டும் என்கிறோம். இறங்கி நடந்தால் வேண்டாம் என்கிறோம். இருவரும் நாமே. நடக்கும்போது நாம் கேட்கும் பாதுகாப்பை, ஓட்டும்போது மறவாதிருக்க நாமே நமக்கு எழுதிக்கொண்ட ஒப்பந்தமே வேக எல்லை. அது சுதந்திரத்தின் பகையன்று. இருவரின் சுதந்திரத்திற்கும் இடையே நட்ட எல்லைக்கல்.

என் தங்கை அடிபட்ட வளைவில் பலகை இல்லை. ஊரார் கையொப்பமிட்டு மனு கொடுத்திருக்கிறோம். பலகை இன்னும் வரவில்லை. அது வரும் வரை நான் செய்யக் கூடியது ஒன்று உண்டு. இப்போதெல்லாம் வீட்டிலிருந்து 15 நிமிடம் முன்னதாகவே புறப்படுகிறேன். எந்த ஓட்டுநரிடமும் “வேகமா போங்கண்ணா” என்று சொல்வதில்லை. இருசக்கர வண்டியில் கல்லூரிக்கு வரும் நண்பர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.