பழைய ஸ்பானர் சேகரிப்பு: எதை எடுப்பது, எதை விடுவது

புதுப்பேட்டையிலோ ஊர்ப்பக்கத்துக் காயலாங்கடையிலோ எடைக்குப் போடக் காத்திருக்கும் பழைய மெக்கானிக் சாமான்களைக் கிளறும்போது, எல்லோரும் முதலில் தேடுவது கம்பெனிப் பெயரை. பெயர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது ஸ்பானரின் வாயை. அது எந்த நாட்டு வண்டிக்காகச் செய்யப்பட்டது என்பது அங்கேதான் தெரியும்.

1/2 என்று பொறித்த இரண்டு ஸ்பானர்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றின் வாய் 12.7 மில்லிமீட்டர். மற்றதன் வாய் 23 மில்லிமீட்டருக்கும் மேல். இரண்டிலும் தப்பில்லை. அமெரிக்க ஸ்பானரில் பொறித்திருப்பது நட்டின் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை உள்ள அகலம். பிரிட்டிஷ் விட்வொர்த் ஸ்பானரில் பொறித்திருப்பது போல்ட் தண்டின் கனம். ஜோசப் விட்வொர்த் 1841-ல் 55 டிகிரி மரைக்கு ஓர் ஒழுங்கை முன்வைத்தார். பிரிட்டனில் போல்ட் செய்தவர்கள் நூறாண்டுக்கு மேல் அதையே பின்பற்றினார்கள். 1908-ல் பிஎஸ்எஃப் என்ற நெருக்கமான மரையும் சேர்ந்துகொண்டது. பிற்காலத்தில் அதற்கும் விட்வொர்த்துக்கும் தலை அளவு ஒரு படி தள்ளிப் பொருந்திப்போனதால், ஒரே வாயில் 1/4 விட்வொர்த், 5/16 பிஎஸ்எஃப் என்று இரண்டு பொறிப்புகளைப் பார்க்கலாம். அந்த வாய் ஏறக்குறைய 13.3 மில்லிமீட்டர். அந்த நட்டில் 13 ஏறாது. 14 போட்டுத் திருகினால் முனை உருண்டு நட்டு மொட்டையாகிவிடும். பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் இதைப் பட்டுத் தெரிந்திருப்பார்கள்.

இதிலும் ஒரு விசித்திரம் உண்டு. ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் கோவென்ட்ரியில் நடத்திய எஞ்சின் தொழிற்சாலையை 1923-ல் கார் தயாரிப்பாளர் வில்லியம் மாரிஸ் வாங்கினார். அங்கிருந்த எந்திரங்கள் மெட்ரிக் மரை வெட்டுபவை. ஊர் மெக்கானிக்குகளிடம் இருந்ததோ விட்வொர்த் ஸ்பானர். ஆகவே மரையை மெட்ரிக்காகவும் தலையை விட்வொர்த்தாகவும் செய்தார்கள். எம்ஜி டி வரிசைக் கார்களின் எஞ்சின் வரை இந்தக் கலப்பு நீடித்தது. அந்த வண்டிக்கு ஸ்பானர் சரியாகப் பொருந்திவிட்டதே என்று விட்வொர்த் போல்ட்டைக் கடையில் புதிதாக வாங்கிப் போட்டால் மரை பாழ்.

இனி எந்தப் பக்கம் போவது? நம் ஊரில் தொடங்குகிறவருக்கு நான் பிரிட்டிஷ் ஸ்பானரைத்தான் சொல்வேன். காரணம் எளிது: அவை இங்கேயே புழங்கியவை. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது; 1955 முதல் திருவொற்றியூர்ப் பக்கம் புல்லட் வந்தது. அந்த வண்டிகளோடு வந்த கருவிகள் பட்டறைகளில் தங்கி, இப்போது பழைய இரும்பாக வெளியே வருகின்றன. புல்டாக் நாய் முத்திரை இருந்தால் பர்மிங்காமின் கிங் டிக். நத்தைப் படம் இருந்தால் அதே ஊரின் தாமஸ் ஸ்மித். மேல்நோக்கிய அம்புக்குறியும் பக்கத்தில் 1943 போல ஓர் ஆண்டும் இருந்தால், பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் செய்தது. வயது சொல்ல இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

அமெரிக்கக் கருவிகள் வேறு ரகம். தேதி கண்டுபிடிக்கும் ஆசை உள்ளவருக்கு இவை விருந்து. 1920-ல் பிறந்த ஸ்நாப்-ஆன், ஐந்து கைப்பிடிகளில் பத்து சாக்கெட்டுகளை மாற்றி மாட்டலாம் என்று காட்டித்தான் வியாபாரத்தையே தொடங்கியது. அதன் பழைய கருவிகளில் ஆண்டுக்கொரு சின்னம் பொறித்திருக்கும். லாஸ் ஏஞ்சலஸின் பிளாம்ப் கம்பெனி, பெயர் வழக்கில் தோற்று 1940-களின் கடைசியில் புரோட்டோ என்று மாறியது. ஆகவே பிளாம்ப் என்ற பொறிப்பே பெரும்பாலும் வயதைச் சொல்லிவிடும். குரோம் பூச்சு இல்லாமல் மங்கலாக இருந்தால் உடனே ஒதுக்காதீர்கள். இரண்டாம் உலகப்போரில் குரோமியம் தட்டுப்பாட்டால் பூசாமலே விற்றார்கள். குறை ஒன்றுதான்: இங்கே கிடைப்பது குறைவு. பழைய ஜீப் பழுதுபார்த்த பட்டறைகளில் தேடலாம்.

ஜெர்மன் கருவிகளை நான் சேகரிப்புக்கு இரண்டாவதாகவும் வேலைக்கு முதலாவதாகவும் வைப்பேன். கெடோரே, ஹாசெட், ஸ்டால்வில்லே எல்லாம் இன்றைய மில்லிமீட்டர் நட்டுக்கே பொருந்துபவை. மேற்கு ஜெர்மனி என்று பொறித்திருந்தால் 1949-க்கும் 1990-க்கும் நடுவே செய்தது. கெடோரே பெயரில் இந்தியாவிலும் கருவிகள் செய்தார்கள், எனவே நாட்டின் பெயரையும் படித்துவிட்டு விலை பேசுங்கள்.

ஃபோர்டு என்று எழுதிய ஸ்பானரைக் காட்டி, நூறு வருஷப் பழசு, கிடைக்கவே கிடைக்காது என்று யாராவது விலையை ஏற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல் டி வண்டிகள் வந்தன. வண்டியோடு கருவியும் வந்தது. ஒரு வண்டியின் முழுக் கருவிப் பை, எதுவும் விட்டுப்போகாமல் கிடைத்தால் அதற்குத்தான் மதிப்பு.

நிலையைப் பார்ப்பதில் கண்டிப்பு வேண்டும். வாயின் உள்பக்கத்தில் அரத்தின் கோடு தெரிந்தால், யாரோ ராவி அகலமாக்கியிருக்கிறார்கள். நீலமோ வைக்கோல் நிறமோ ஓடியிருந்தால் சூடுபட்டிருக்கிறது, எஃகின் பதம் போயிருக்கலாம். பளபளவென்று புதிதாகக் குரோம் ஏற்றியதை நான் தொடுவதில்லை. பாலீஷ் போடும்போது பொறிப்பின் முனை மழுங்கிவிடும். சரியாகச் செய்யாத முலாமால் கடினமான எஃகு உடையவும் கூடும். துரு மட்டும் இருந்தால் அது குறையே இல்லை. இரவு முழுக்க வினிகரில் ஊறவைத்து, சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து எண்ணெய் தடவினால் போதும். கிரைண்டரைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. இண்டு இடுக்கில் நுழைவதற்காக மேஸ்திரி ஒருவர் வளைத்தோ பற்றவைத்தோ செய்த ஸ்பானர் கிடைத்தால் கட்டாயம் எடுங்கள். சந்தையில் அதற்கு விலை கிடையாது. ஆனால் எந்த நட்டுக்காக அப்படிச் செய்தார் என்பதைக் கண்டுபிடிப்பதில் உள்ள சுவாரசியம் எந்த முத்திரையிலும் இல்லை.

ஆக, ஒரு வண்டியைத் தேர்ந்துகொண்டு அதற்கான கருவிகளை மட்டும் சேருங்கள். பழைய புல்லட் என்றால் 3/16 முதல் 7/16 வரை ஐந்து விட்வொர்த் அளவுகள் பெரும்பாலான வேலைக்குப் போதும். கடைக்குப் போகும்போது பையில் ஒரு வெர்னியர் காலிப்பர் இருக்கட்டும். அளந்து பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.